ஒரு முழுச் சுற்றுக்குப் பூச்சியம்

எங்கள் ஒழுங்கையில் எவருடைய ரைஸ் குக்கர் பழுதானாலும் முதலில் என் வீட்டுக் கேற்றைத்தான் தட்டுகிறார்கள். “மலர் அக்கா கனடாவிலை கொம்பியூட்டர் படிச்சவ. உது அவவுக்கு ஒரு வேலையே?” என்பது தெல்லிப்பழைச் சனத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. வாழ்நாளில் ஒரு கணினியின் மூடியைக்கூட நான் கழற்றியதில்லை என்று சொன்னால் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் மனுசன் இன்னும் ஒருபடி மேலே. “எல்லா வீட்டிலையும் பெண்சாதி சும்மா பிழை பிடிப்பா. இவவுக்கு மட்டும் அதுக்குச் சம்பளம் குடுத்தவங்கள்” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். உண்மையைச் சொன்னால், என் வேலையைப் பற்றி இதைவிடச் சரியாக வேறு எவரும் சொன்னதில்லை.

இதை எழுதச் சொன்னவன் கோபி. யாழ்ப்பாணத்தில் நான் கடைசியாக வேலை செய்த சிறிய அலுவலகத்துக்கு இப்போது அவன்தான் பொறுப்பு. போன மாதம் வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, இப்ப வாற பிள்ளையள் கணக்கை ஏஐயிட்டைக் குடுத்திட்டு, அது வடிவா வசனம் வசனமாச் சொல்லுறதை அப்பிடியே நம்புதுகள். முந்தி நாங்கள் எப்பிடி வேலை செய்தனாங்கள் எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோ.”

“நான் எழுதினா மட்டும் வாசிக்குங்களோ?”

“ஏஐயிட்டைக் குடுத்துச் சுருக்கி வாசிக்குங்கள்” என்றான், கள்ளன்.

சுருக்குகிறவர்கள் சுருக்கட்டும். நான் ஆறுதலாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். கல்குலேற்றர் எண்களைக் கூட்டும், பெருக்கும். நாங்கள் செய்த மென்பொருள் எழுத்துகளோடு கணக்குச் செய்யும். பள்ளிக்கூடத்தில் அட்சரகணிதம் படித்தவர்களுக்குத் தெரியும். x, y என்று போட்டு, காரணிப்படுத்து, சுருக்கு, வகையிடு, தொகையிடு என்று உயிரை எடுப்பார்கள். அதையெல்லாம் கணினியே செய்து, அண்ணளவான எண்ணாக இல்லாமல் முழுச் சூத்திரமாக விடையைத் தரும். பொறியியலாளர் ஒருவர் ஒரு கிழமை மினக்கெட்டுச் செய்யும் கணக்கு, அவர் தேத்தண்ணி ஊற்றி வருவதற்குள் முடிந்திருக்கும். அதில் தொகையீடு செய்கிற பகுதிதான் என்னுடையது. வருடக்கணக்காக அதற்குள்ளேயே கிடந்தேன்.

என் படிப்பில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் பிரயோக கணிதம் படிப்பித்த ரீச்சர், விடை சரியாக இருந்தாலும் வழி இல்லையென்றால் புள்ளி போடமாட்டார். அவரைத் திட்டிக்கொண்டே படித்தேன். பிறகு பல்கலைக்கழகம், பிறகு நாட்டுப் பிரச்சினை, பிறகு ஒரு புலமைப்பரிசிலில் தொங்கிக்கொண்டு கனடா. அங்கே ஒரு நிறுவனம் இந்த மென்பொருளைச் செய்துகொண்டிருந்தது. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் பிழை சின்னது. xஇன் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் கேட்டால் மென்பொருள் x என்று சொன்னது. x பூச்சியத்திலும் குறைந்த மறை எண்ணாக இருந்தால் அது பிழை. இது என்ன பெரிய காரியம் என்று ஒரே நாளில் திருத்திவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் பார்த்தால், அதுவரை ஒரு வரியில் வந்த நல்ல விடைகளெல்லாம் அரைப்பக்கத்துக்கு நீண்டு கிடந்தன. “நேராக இருந்தால் இது, மறையாக இருந்தால் அது” என்று மென்பொருள் எல்லாவற்றுக்கும் இழுத்துக்கொண்டிருந்தது. பாவிக்கிறவர்கள் வாயில் வந்தபடி ஏசினார்கள். சுருக்கமான விடையும் சரியான விடையும் எப்போதும் ஒன்றாகவே இருப்பதில்லை என்று அன்றைக்கு விளங்கியது. அதன்பிறகு எதைத் திருத்தினாலும் பயந்து பயந்துதான் திருத்தினேன். அந்தப் பயம்தான் எனக்குக் கிடைத்த உண்மையான பயிற்சி.

சண்டை ஓய்ந்து பாதை திறந்து, ஊருக்குப் போய்வரலாம் என்றான பிறகு, அந்த நிறுவனம் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய கிளை போட யோசித்தது. காரணம் மலிவு, அதை மறைப்பானேன்? நான் போகிறேன் என்று கை தூக்கினேன். “இந்தப் பனிக்கை கிடந்து சாக என்னாலை ஏலாது. செத்தாலும் வெய்யிலுக்கை சாகிறன்” என்று என் மனுசன் கன காலமாக அரற்றிக்கொண்டிருந்தார். வந்தோம். இன்றுவரைக்கும் அவருக்கு ஒன்றுமில்லை, நல்ல சுகமாக இருந்து வெய்யிலைத் திட்டுகிறார்.

கிளைக்குத் தலைவராக நிறுவனம் போட்டவர் யூஜின். குருநகர் ஆள். தகப்பன் கடற்றொழில், மகன் கணிதத்தில் கலாநிதி. என்னைவிட வயதில் நன்றாக இளையவர். அதனால் நான் அவரை “சேர்” என்பேன், அவர் என்னை “அக்கா” என்பார். அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே ஒரு மனுசியைச் சாறாகப் பிழிந்து வேலை வாங்குகிற கலையை அவரிடம்தான் கண்டேன். வள்ளத்தில் நின்று கூப்பிட்டுப் பழகியவர்களின் குரல் அவருக்கு. அவர் தொலைபேசியில் கதைத்தால் முன் கடைக்காரருக்கும் எங்கள் அலுவல் தெரியும். ஆனால் ஒருவருடைய விசைப்பலகையில் அவர் கை வைத்ததை நான் ஒருநாளும் காணவில்லை. கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு கதிரைக்குப் பின்னால் நிற்பார். உங்களுக்குப் பிழை தெரிகிற வரைக்கும் நிற்பார்.

காலையில் அலுவலகத்தின் முதல் வேலை பிழை அறிக்கை வாசிப்பு. உலகத்தில் எங்கிருந்தாவது ஒருவர், “உங்கள் மென்பொருள் இந்தக் கணக்குக்குப் பிழையான விடை தருகிறது” என்று எழுதியிருப்பார். பால் விடாத பிளேன்ரீயும் பனங்கட்டியும் வந்த பிறகு, எங்களில் ஒருவர் அதை உள்ளபடி உரத்து வாசிக்க வேண்டும். எழுதியவருடைய இங்கிலீசைப் பார்த்து ஒருவரும் சிரிக்கக்கூடாது. வாசித்து முடிந்ததும், கணக்கைத் தொட முதலே, நன்றி சொல்லிப் பதில் போட வேண்டும். பிழையா சரியா என்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கோபி அப்போது புதுசு, மூளைக்காரன், மூக்கில் கோபம். ஒருநாள் துள்ளினான். “சேர், அந்தாள் அடைப்புக்குறி போட மறந்திட்டு எங்களைக் குறை சொல்லுது. அதுக்கும் நன்றியோ?”

“ஓம் தம்பி. அந்தாள் மினக்கெட்டு எழுதியிருக்குதெல்லோ. பிழையைக் கண்டிட்டுப் பேசாமப் போற சனத்தாலைதான் எங்களுக்கு நட்டம்.”

இரண்டாவது வழக்கம், சுருக்குவது. வருகிற கணக்கு இரண்டு பக்கம் இருக்கும். ஒவ்வொரு துண்டாகக் கழற்றிக் கழற்றி, “இப்பவும் பிழைக்குதோ?” என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஒரு பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தில் எழுதக்கூடிய அளவுக்கு அந்தப் பிழை சிறுத்துவிட வேண்டும். அதற்குமுன் மென்பொருளில் ஒரு எழுத்தையும் மாற்ற அவர் விடமாட்டார். இதற்காகவே தன் சட்டைப் பையில் பழைய ரிக்கற்றுகள் வைத்திருப்பார். கண்டக்டரிடம் ரிக்கற் கேட்டு வாங்குகிற ஒரே ஆள் யாழ்ப்பாணத்தில் அவராகத்தான் இருக்கும்.

இனி நிரோஷாவின் கதைக்கு வருகிறேன்.

ஒரு காலை வந்த அறிக்கையை நான்தான் வாசித்தேன். காற்றாலையால் நீர் இறைக்கும் பம்பி ஒன்றைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற ஒரு பெண் எழுதியிருந்தாள். மேலே காற்றாலை சுழல, அந்தச் சுழற்சி ஒரு தண்டின் வழியே, சரிவான ஒரு மூட்டைத் தாண்டிக் கீழே பம்பிக்கு வர வேண்டும். தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது அந்த மூட்டில் எவ்வளவு சக்தி வீணாகிறது என்பதுதான் கணக்கு. அவள் கையால் செய்த விடையில் ஐந்தாறு உறுப்புகள், அதாவது ஒன்றோடொன்று கூட்டப்பட்ட ஐந்தாறு துண்டுகள் இருந்தன. எங்கள் மென்பொருள் தந்த விடையில் அதில் ஒன்று இல்லை. மற்றதெல்லாம் அச்சொட்டாக அதே.

நன்றி போட்டோம். கோபி சரிபார்த்தான். தொகையீட்டைச் சரிபார்க்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு: வந்த விடையைத் திருப்பி வகையிட்டால் தொடங்கிய கணக்கே வர வேண்டும். கூட்டலைக் கழித்துப் பார்த்துச் சரிபார்க்கிற மாதிரித்தான். கோபி வகையிட்டான், தொடங்கிய கணக்கே வந்தது. “அக்கா, மெசின் சரி. அவ எங்கையோ கையாலை பிழை விட்டிருக்கிறா” என்றான். நானும் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. பிழையில்லை என்று பணிவாக எழுதி, கீழே வழக்கம்போல அலுவலக முகவரியும் போட்டு அனுப்பினோம்.

மறுநாள் காலை வாசலில் ஒரு பெண் நின்றாள். தோளில் பை, கையில் உரப்பைக்குள் ஒரு பெரிய பலாப்பழம்.

“நீங்கள் அமெரிக்காவிலை எங்கையோ இருக்கிறியள் எண்டெல்லோ நினைச்சன்” என்றாள் மூச்சு வாங்க. “பேந்து பாத்தா யாழ்ப்பாண அட்ரஸ். நான் கொடிகாமம். முதல் பஸ்ஸிலை ஏறிட்டன். இது எங்கடை வளவுப் பழம்.”

பழத்தின் வாசம் அலுவலகத்தை நிறைத்தது. யூஜின் சேர் கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருத்தினார். அவள் இருந்ததும் அழத் தொடங்கிவிட்டாள். பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். பட்டம் முடித்தால்தான் வேலை நிரந்தரமாகும். ஆய்வேட்டைப் பார்த்த வெளிப் பரீட்சகர் எங்கள் மென்பொருளில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இந்த உறுப்பு பிழை, நீக்குக” என்று எழுதிவிட்டார்.

“எண்ணைப் போட்டுப் பாத்தனான் சேர், என்ரை விடைதான் வருது. அதுக்கு அவர், எண் விடை அண்ணளவு, மெசின்ரை விடைதான் துல்லியம் எண்டுறார். அந்த உறுப்பை எடுத்தா சுமை குறைவாத் தெரிஞ்சு, தண்டு மெல்லிசாப் போதும் எண்டு வரும். அந்த அளவிலை செய்தா ஒரு சோளகக் காத்துக்கே முறிஞ்சுபோம். எங்கடை பக்கத்துத் தோட்டக்காரர் என்னை நம்பித்தான் இருக்கினம்.”

கோபி வகையிட்டுச் சரிபார்த்ததைச் சொல்ல வாயெடுத்தான். யூஜின் சேர் கையைக் காட்டினார். “முதல் சுருக்குவம்.”

அன்று முழுக்க நாலு பேரும் ஒரு திரைக்கு முன்னால் இருந்தோம். நான் தட்டினேன், நிரோஷா எந்தத் துண்டு எதிலிருந்து வந்தது என்று சொன்னாள், கோபி பலாச்சுளையோடு நின்று எண் விடையோடு ஒப்பிட்டான். உராய்வைக் கழற்றினோம். இப்பவும் பிழைக்குது. காற்றின் வேகத்தைக் கழற்றினோம். இப்பவும் பிழைக்குது. சரிவுக் கோணத்துக்கு ஒரு சாதாரண எண்ணைப் போட்டோம். பிழைக்குது. கடைசியில் திரையில் நின்றது இவ்வளவுதான்: ஒன்றை, இரண்டு சக (அதாவது கூட்டல்) கோசைன் xஆல் வகுத்து, ஒரு முழுச் சுற்றுக்குத் தொகையிடு. ரிக்கற்றில் பாதிகூட வராது.

மென்பொருள் சொன்ன விடை பூச்சியம்.

“என்ன கோதாரி!” என்றான் கோபி.

கணக்குத் தெரியாதவர்களுக்கும் அந்த அதிர்ச்சி விளங்க வேண்டும். அந்தச் சார்பு ஓரிடத்திலும் பூச்சியமாவதில்லை, மறையாவதுமில்லை. எந்த இடத்தில் பார்த்தாலும் மூன்றில் ஒன்றுக்குக் குறையாது. அப்படிப்பட்டதைச் சுற்று முழுக்கக் கூட்டினால் பூச்சியம் எப்படி வரும்? கொடிகாமத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு நிற்காமல் மோட்டார் சைக்கிளில் ஓடி வந்தபிறகு, ஓடிய தூரம் பூச்சியம் என்று மீற்றர் காட்டினால் எப்படியிருக்கும்? ஆனால் வேகமுள் வழி முழுக்கச் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. நடந்தது என்னவென்றால், பாதி வழியில், கைதடிக்குக் கிட்ட, தூர மீற்றர் திடீரென்று பின்னுக்குத் துள்ளிவிட்டது. பிறகு மறுபடி ஒழுங்காக ஏறி, யாழ்ப்பாணத்தில் பூச்சியத்தில் வந்து நின்றது. எங்கள் வகையீட்டுச் சோதனை வேகமுள்ளை மட்டும்தான் பார்க்கும், துள்ளலைப் பார்க்காது. வருடக்கணக்காக நாங்கள் சத்தியமாக நம்பிய சோதனை அது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

நிரோஷாவின் கணக்கில் அப்படிப் பூச்சியமான துண்டு மற்றத் துண்டுகளுக்கு நடுவில் சத்தமில்லாமல் மறைந்துவிட்டது. மிச்சம் பார்வைக்கு நல்ல விடையாகவே இருந்தது. தனிப் பூச்சியமாக வந்திருந்தால் பரீட்சகரும் சிரித்திருப்பார்.

“பிள்ளை, நீங்கள் சரி. நாங்கள் பிழை” என்றார் யூஜின் சேர். அவள் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் பரீட்சகருக்குக் காட்ட நிறுவனத்தின் எழுத்துமூலச் சான்று ஒன்று வேண்டும் என்று அவளுடைய மேற்பார்வையாளர் கேட்டார். தலைமை அலுவலகத்துக்கு எழுதினோம். பதில் சுருக்கமாக வந்தது: திருத்தம் அடுத்த பதிப்பில் வரும், அதுவரை வெளியாருக்கு எழுத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம். யூஜின் சேர் இரண்டாம் முறையும் எழுதினார். அதே பதில், இந்த முறை கொஞ்சம் சூடாக. நிரோஷாவை அழைத்து, “எழுத்திலை தரேலாமக் கிடக்குது பிள்ளை” என்று அவர் சொன்னபோது அந்தக் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் “பரவாயில்லை சேர்” என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றக் கிழமை அவளுடைய இறுதி வாய்மொழிப் பரீட்சை.

அந்த நாள் காலை யூஜின் சேர் ஞாயிறு தேவாலயப் பூசைக்குப் போகிற வெள்ளைச் சேட்டோடு வந்தார். “அக்கா, வெளிக்கிடுங்கோ.”

“எங்கை சேர்?”

“அந்தப் பிள்ளையின்ரை பரீட்சைக்கு. முதல் பகுதிக்கு ஆரும் போய்க் கேக்கலாம்.”

“தலைமை அலுவலகம் வேண்டாமெண்டெல்லோ சொன்னது?”

“எழுதவேண்டாம் எண்டுதானே சொன்னவை. கதைக்கவேண்டாம் எண்டு சொல்லேல்லையே.”

பஸ்ஸில் கிளையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். கிளையை மூடிவிட்டால் கோபியைப் போன்ற பிள்ளைகள் எங்கே போவார்கள்? “சேர், உங்கடை வேலை போனா என்ன செய்வியள்?” என்று கேட்டேன்.

“கடல் அங்கைதானே கிடக்குது.”

“உங்களுக்கு வள்ளத்திலை ஏறினாத் தலை சுத்திச் சத்தி வருமெண்டு உங்கடை மனுசி சொன்னவ.”

“உவளுக்கு வாய் கூட” என்றார்.

நாங்கள் பின்வரிசையில் போய் இருந்தோம். நிரோஷா ஏற்கெனவே தொடங்கியிருந்தாள். எங்களை அவள் கவனிக்கவில்லை. திரையில் ஒவ்வொரு படமாக மாற்றிக்கொண்டே, அந்தச் சூத்திரத்துக்கு வந்தாள். நான் உறுப்புகளை வாய்க்குள் எண்ணினேன். அந்த உறுப்பு இல்லை. அவள் எடுத்துவிட்டாள். “பரீட்சகரின் ஆலோசனைப்படி திருத்தப்பட்டது” என்று சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்தாமல் அடுத்த படத்துக்குப் போனாள். முன்வரிசையில் பரீட்சகர், நரைத்த தலைப் பெரியவர், திருப்தியாகத் தலையாட்டினார்.

கேள்வி நேரம் வந்தது. யூஜின் சேர் எழும்பினார்.

“பிள்ளை, அந்தச் சூத்திரத்திலை ஒரு உறுப்பு குறையுது.”

அந்தக் குரலுக்கு மண்டபமே திரும்பியது. நிரோஷா எங்களைக் கண்டாள்.

“அதை நீக்கச் சொன்னது நான்தான்” என்றார் பரீட்சகர். “மென்பொருளின்ரை விடையிலை அது இல்லை. நீங்கள் ஆர்?”

“அந்த மென்பொருளைச் செய்யிற ஆக்கள், சேர். நானும் இந்த அக்காவும். மென்பொருள் பிழை, பிள்ளை சரி. விரும்பினா அவவே எழுதிக் காட்டுவா.”

நிரோஷா பலகைக்குப் போனாள். சின்னக் கணக்கை எழுதினாள், மென்பொருளின் பூச்சியத்தை எழுதினாள், பக்கத்தில் வளைகோட்டைக் கீறி, அது எப்படிப் பூச்சியமாகும் என்று கேட்டாள். பரீட்சகர் தன் பேனையால் ஒரு தாளில் செய்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “யானைக்கும் அடி சறுக்கும் எண்டு சும்மாவே சொன்னவை?” என்றார். யானை என்றது எங்கள் மென்பொருளையா தன்னையா என்று நான் கேட்கவில்லை. உறுப்பைத் திரும்பப் போடச் சொன்னார்.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. தலைமை அலுவலகம் எங்களை நீளமாக ஏசியது. பிறகு துள்ளலைப் பார்க்கிற சோதனையையும் சேர்த்து அந்தத் திருத்தத்தை வெளியிட்டது. கிளை மூடப்படவில்லை, யூஜின் சேரும் கடலுக்குப் போக வேண்டி வரவில்லை. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை எத்தனையோ பிழைகளைப் பிடித்தேன், அவற்றில் சில இதைவிடச் சிக்கலானவை. இப்படிப்பட்ட மனிதர்களோடு வேலை செய்யக் கிடைத்ததே என் பாக்கியம் என்று நினைக்கிறேன்.

ஆனால் கோபி எழுதச் சொன்ன உடனே எனக்கு ஞாபகம் வந்தது திருத்தம் அல்ல. அன்று எல்லாம் முடிந்து, பலகை அழிக்கப்படமுதல், பரீட்சகர் நிரோஷாவைப் பார்த்து, உண்மையாகவே விளங்காமல், ஒரு கேள்வி கேட்டார்.

“பிள்ளை, உமக்கு இவ்வளவு வடிவாத் தெரியுதே. பேந்து ஏன் நான் சொன்ன உடனை எடுத்துப்போட்டனீர்?”

அவள் சோக்கட்டியைக் கையில் வைத்து உருட்டினாள்.

“சரியெண்டு எனக்குத் தெரியும் சேர். ஆனா இஞ்சை எனக்கு மட்டும்தானே தெரியும்.”

யூஜின் சேர் சேட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார். நான் துடைக்கவில்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று காலை அந்தப் பஸ்ஸில் ஏறியதற்காக இன்றைக்கும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன்.